கூரைக்குப் போட்ட பனியன்

கண்ணு,

காகிதத்தில் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே. வீட்டில் எல்லோரும் சுகம். குடோனில் பூனை மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது, அதுவும் நான் பிரித்து வைத்திருந்த வெள்ளை காட்டன் மூட்டையின் மேலேயே. அதைத் தவிர புதிதாக எந்த நஷ்டமும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ "ம்", "சரிம்மா", "அப்புறம்" என்பதிலேயே என்னை முடித்துவிடுகிறாய். நான் சொல்ல வேண்டியது அதைவிடக் கொஞ்சம் நீளம். நாளைக்கு அப்பா டெம்போவில் லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வரும்போது இதை உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவிநாசியில் டீக்கு நிறுத்தும்போது பிரித்துப் படித்துவிடுவார். படிக்கட்டும், அவரைப் பற்றி நல்லதாகவே எழுதுகிறேன்.

முதலில் விஷயம். செல்வி பதில் சொல்லிவிட்டாள். நேற்றுக் காலை கம்பெனிக்குப் போகிற வழியில் குடோனுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். சூரத்தில் மில் தொழிலாளிகள் குடியிருக்கும் ஒரு தெருவை, அந்தத் தெருக்காரர்களோடு கூடி உட்கார்ந்து புதிதாக்கித் தர வேண்டுமென்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீயோ, குடோனுக்குப் பின்னால் நாம் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டில் கடைசி அறையில் இருக்கும் செல்வி "சரி" என்றால்தான் போவேன், ஒரு குடும்பம் நிம்மதியாகப் படுக்க முடியாத கூரையை ஒரு தெருவுக்கு எப்படிக் கொண்டு போவது என்று பிடிவாதம் பிடித்தாய். அவள் முகத்துக்கு நேரே பேசுகிறவள்தான், ஆனால் இப்போது உன்மேல் பிரியம் வந்துவிட்டது, பிரியம் வந்தால் கூடவே பொய்யும் வரும், அதனால் அவள் பதிலை என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் நீதான். ஆக, நீ போவதும் போகாததும் இப்போது என் மடியில் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். அதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. உனக்காகப் பத்து மாதம் காத்திருந்தவள் நான், நீ பத்து நிமிஷம் காத்திருந்தால் குறைந்து போகமாட்டாய்.

நீ கட்டடக்கலை படிக்கப் போனபோது நம் ஊர் மண்ணரையில் பாதிப் பேர் நீ கொத்தனார் வேலைக்குப் படிக்கிறாய் என்றுதான் நினைத்தார்கள். மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ, "நாளைய நகரம்" என்று ஒரு பெரிய படம் வரைந்து கொண்டுவந்து கூடத்துச் சுவரில் ஒட்டினாய். வானத்தைத் தொடுகிற வீடுகள், மாடிக்கு மாடி மரம், சைக்கிளில் போகிற ஒல்லியான மனிதர்கள். உன் அப்பா அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அருமை என்றார். நான் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, இந்த ஊர்ல ஒருத்தரும் துணி துவைக்கறதில்லையா?" என்று கேட்டேன். அவ்வளவு பெரிய படத்தில் ஒரு கொடி இல்லை, காய்கிற ஒரு லுங்கி இல்லை. நீ இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் கிண்டலுக்குக் கேட்டதல்ல. பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த கட்டிங் வேஸ்ட்டை வாங்கி, நிறம் பிரித்து, மூட்டை கட்டி விற்கிற எனக்கு ஊர் என்றால் துணிதான் கண்ணில் படும், டாக்டருக்கு நாக்கு கண்ணில் படுகிற மாதிரி.

ஆனால் நீ அந்தக் கேள்வியை மறக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. படிப்பு முடிந்து, கோயம்புத்தூரில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆபீஸ் போட்டு, ஒரு மே மாத மத்தியானம் குடோனுக்கு வந்தாய். பின்னால் இருக்கும் நம் லைன் வீட்டுக்குள் போய், தகர ஷீட்டுக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு வியர்வை சொட்ட வெளியே வந்தாய். நாளைய நகரம் இனிமேல் வரப்போவதில்லை அம்மா, அது போன வாரமே வேலை தேடி பஸ்ஸில் வந்து இறங்கி இந்த ஷீட்டுக்குக் கீழேதான் படுத்திருக்கிறது என்றாய். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதே சமயம் அந்த ஷீட்டைப் போட்டதும் அதற்கு வாடகை வாங்குவதும் நாம்தான் என்பதும் உறைத்தது. குடோன் முழுக்க மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பனியன் துண்டுகளைப் பார்த்து, இதிலிருந்தே கூரைக்கு அடியில் வெயில் தாங்குகிற பலகை செய்யலாம் என்று நீ சொன்னபோது நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நீ தங்கி மாட்டிப் பார்க்க, காலியாக இருந்த அறையின் சாவியைக் கொடுத்தேன். இருந்ததிலேயே மோசமான அறை அது என்பது உனக்கும் தெரியும்.

அந்த வெயில் காலம் முழுக்க நம் வாசல் ஒரு சமையல்கூடம் மாதிரி இருந்தது. காட்டன் துண்டுகளை நார் நாராகக் கிழித்து, சுண்ணாம்பும் வெண்காரமும் மாவுப் பசையும் சேர்த்துப் பிசைந்து, நீயும் உன் கூட்டாளிகளும் பலகையாக அழுத்திக் காயவைத்தீர்கள். இழுபடுகிற லைக்ரா நூல் கலந்த துண்டு ஒன்று தப்பி உள்ளே போனாலும் பலகை உப்பிக்கொண்டு வந்தது. உன் அப்பா கவலைப்பட்டது நெருப்புக்கு. நீ கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பலகையை அதன்மேல் பிடித்தாய். ஓரம் கறுத்தது, புகைந்தது, தானாக அணைந்தது. அன்றைக்கு அவர் உனக்குக் கை கொடுத்தார் பார், கல்யாண வீட்டில் சம்பந்திக்குக் கொடுப்பது போல. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்த அந்தப் பலகையை நீ தடவித் தடவிப் பார்த்ததைக் கண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அறை அறையாகப் போய்ப் பலகையைக் காட்டினாய். குன்னத்தூர் மாரப்பண்ணனும் அவர் சம்சாரமும் உன்னை உட்கார வைத்து மோர் கொடுத்து, "நல்லா இருக்குதுங்க தம்பி, போடலாமுங்க, பாக்கலாம்" என்றார்கள். பீகாரிலிருந்து வந்திருக்கும் சுனிதா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நீ திரும்பி வந்து எல்லோருக்கும் சம்மதம் என்று குதித்தாய். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாமல் போய்விட்டதே உனக்கு. நம் பக்கத்தில் யாராவது முகத்துக்கு நேரே வேண்டாம் என்பார்களா? பெண் கேட்டு வந்தவர்களிடமே "பாக்கலாமுங்க" என்று சொல்லித்தானே அனுப்புகிறோம். அதிலும் கேட்பது வீட்டுக்காரியின் மகன். குடியிருக்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

கடைசி அறை செல்விக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மெஷினில் தைக்கிறவள், மகள் முத்துவைத் தனியாக வளர்க்கிறவள். வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்: "தம்பி, பகல் பூராம் இந்தத் துணியத்தான் தைக்கிறேன். வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்தா மேலயும் இதே துணியா? அதுவும் கழிச்சுப் போட்டது. வேணாம். எம்புள்ளைக்கு ஏற்கெனவே இளைப்பு, பஞ்சுத் தூசி ஆகாது." தூசியே வராது, சோதனை பண்ணியாகிவிட்டது என்று நீ வாதாடினாய். அவள் கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளேயும் கூப்பிடவில்லை. நீ முகம் செத்துத் திரும்பி வந்தாய். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை என்றாய். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் சாப்பிடுகிற நேரத்தில் சொல்ல வேண்டாமென்று ரசத்தை ஊற்றினேன்.

அடுத்த நாள் நான் செய்த காரியத்தை நீ ஏழு ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவாய், தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். சாம்பிள் என்று எது கைக்கு வந்தாலும் துவைத்துப் பார்ப்போம். சுருங்குகிறதா, சாயம் போகிறதா, முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் நல்லது கெட்டது பேசுவோம். மேஜை மேல் உன் பலகை ஒன்று இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். கோயம்புத்தூர் ஆபீஸ் கூட்டத்தில் காட்டுவதற்கென்று நீ தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பலகை அது என்று எனக்கு எப்படித் தெரியும்? மெஷின் நின்றபோது உள்ளே கஞ்சி மாதிரி இருந்தது. "யாராச்சும் கூரையத் துவைப்பாங்களாம்மா?" என்று நீ கத்தினது தெருவுக்கே கேட்டது. நியாயமான கேள்விதான். உலகத்தில் கூரையைத் துவைத்துப் பார்த்த முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். உன் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் டெம்போவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மெஷினைக் கழுவும்போது வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தோம். கைநிறையப் பஞ்சு. தண்ணீரில் ஊறினால் எந்தப் பலகையும் கரையும், அதனால் அது சரியான சோதனை இல்லை என்று நீ சொன்னது உண்மை. ஆனால் பிறகு நீயே லைன் வீட்டில் உன் அறைக்குப் போய், காய்ந்த பலகையின்மேல் ஒரு கறுப்புத் துணியை வைத்துத் தட்டிப் பார்த்தாய். துணியெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தூசி. அதை மடித்து எடுத்துக்கொண்டு நேராகச் செல்வியிடம் போய், "நீங்க சொன்னது சரிங்கக்கா, தூசி வருது" என்று சொன்னாயாமே. அவளே சொன்னாள். உன் வாழ்க்கையில் நீ எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறாய், எனக்கு எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு நடை, கடைசி அறை வரைக்கும் நடந்தாயே, அதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, நம்ம ஊர்ல துணி வாங்குற பையர் சாம்பிளப் பாத்து ஓகே சொல்லாம யாராச்சும் கட்டிங் போடுவாங்களா? நான் போட்டுட்டேன்." அதற்கப்புறம் லைன் வீட்டுக்காரர்கள்தான் பையர், நாம்தான் கம்பெனி என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தண்ணீர்த் தொட்டி நிழலில் கூட்டம். ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிற கமெண்ட்ஸுக்குப் பயந்து பயந்தே வயதாகிப்போன ஊர் இது. காலர் கால் அங்குலம் ஏறிவிட்டது, பட்டன் நிறம் ஒரு பொட்டு கம்மி என்று திருப்பி அனுப்புவார்கள். ஆயுளில் முதல் தடவையாக அதைத் தாங்கள் சொல்லலாம் என்று தெரிந்ததும் நம் ஆட்களுக்கு வந்த உற்சாகத்தைப் பார்த்தாயே! மாரப்பண்ணன் வாயிலிருந்தே "இது வேண்டாமுங்க" என்று வந்தபோது அவர் சம்சாரம் பயந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். பலகைக்குச் சுண்ணாம்பு பூசிப் பார்த்தீர்கள், உதிர்ந்தது. பெயிண்ட் அடித்தீர்கள், நாற்றம் தாங்கவில்லை. உன் கூட்டாளிப் பெண் உறை தைத்து மூடலாமா என்றாள். நான் குடோனில் விற்காமல் கிடந்த சாம்பல் நிற ரோலைத் தூக்கி வந்து வள்ளல் மாதிரி நீட்டினேன். ஒரே குரலில் ரிஜெக்ட். சுனிதாவுக்கு மஞ்சள், மாரப்பண்ணனுக்கு வெள்ளை, முத்துவுக்கு நீலத்தில் புள்ளி. பொங்கலுக்கு வீடு கழுவும்போது உறையையும் கழற்றித் துவைக்க வேண்டும், அதனால் ஒட்டக் கூடாது, மாட்டிக் கழற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்ல, அதற்கு எலாஸ்டிக் என்று இன்னொருவர் சொல்ல, எது யார் யோசனை என்று இப்போது கேட்டால் சண்டைதான் வரும். கடைசியில் எல்லா அறையிலும் தகரத்துக்கு அடியில் பலகை, பலகையை மூடி நெருக்கமாகப் பின்னிய காட்டன் உறை. கூரைக்குப் பனியன் போட்டுவிட்டோம் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொன்னார். வீடு என்றால் செங்கல்லும் சிமெண்டும் என்று நினைத்திருந்த நான், தைத்துக்கூடக் கட்டலாம் என்று ஐம்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன்.

செல்வி மட்டும் அப்போதும் சரி சொல்லவில்லை. மாட்டிக்கொள்கிறேன், அடுத்த கத்திரி வெயில் முடியட்டும், முத்துவின் இளைப்பு கூடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். சூரத்துக்காரர்கள் காத்திருந்தார்கள். நீயும் காத்திருந்தாய். நான் மட்டும் வேறு மாதிரிக் காத்திருந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். அவள் வேண்டாம் என்று சொல்லமாட்டாளா என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஆனாலும் நீ போகக் கூடாது, இரண்டும் எப்படிக் கூடி வரும் என்று சாமி முன்னால் நின்று யோசித்திருக்கிறேன். ஒரே பிள்ளை. கோயம்புத்தூர் என்றால் ஞாயிற்றுக்கிழமை வருவாய், வந்து அழுக்குத் துணியைக் கொட்டுவாய், குழம்பில் உப்பில்லை என்பாய். சூரத் என்றால் தீபாவளிக்குத் தீபாவளிதான். நேற்றுச் செல்வி குடோன் வாசலில் நின்றபோது பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்க்காமல் நின்றேன்.

பதிலுக்கு முன்னால், போனாலும் போகாவிட்டாலும் உனக்குச் சில வார்த்தை. அங்கே ஓடுவது பாலியஸ்டர் என்கிறார்கள். நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். நம் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே மாட்டிவிடலாம் என்று நினைக்காதே. ஊருக்கு ஊர் வெயில் வேறு, கழிவு வேறு, கோபமும் வேறு. வெறும் கையோடு போ. போன முதல் மாதம் எதுவும் வரையாதே, அவர்கள் துணி எங்கே காய்கிறது என்று மட்டும் பார். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு. நானே உனக்கு என்ன பிடிக்கும் என்று நினைத்துச் செய்வதில் பாதியை நீ தட்டில் ஒதுக்கி வைக்கிறாய், முன்பின் தெரியாதவர்களுக்கு எது நல்லது என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்தத் தெருவில் எல்லோரும் தலையாட்டுவார்கள். சுனிதாவிடம் கேட்டேன், அவள் ஊர்க்காரர்கள் அங்கேயும் வேலைக்குப் போகிறார்களாம், இந்தியிலும் "பாக்கலாம்" உண்டு, "தேகேங்கே" என்பார்களாம், அர்த்தமும் நம்முடையதேதான். ஒருத்தி மட்டும் வாசலில் நிறுத்தி வேண்டாம் என்பாள். அவளை விடாதே. அவள் பக்கத்து வீட்டில் குடியேறு. அப்புறம், உன்னோடு வேலை செய்கிறவர்கள் சொன்னதை நீ சொன்னதாகச் சொல்லிக்கொள்ளாதே. உனக்குக் கோபம் வந்தால் உன் அப்பா மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா. அவரிடம் எனக்குப் பிடித்த குணங்களில் அது முதலாவது. இந்த வரியை அவிநாசியில் அவர் இரண்டு தடவை படிப்பார்.

சரி, இனி செல்வி. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கூரை உறையைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டாளாம். மத்தியானம் படுத்திருந்த முத்து அண்ணாந்து வெறும் பலகையைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டு, அதுக்குச் சட்டையைப் போட்டுவிடும்மா, அப்பத்தான் தூங்குவேன் என்று அடம் பிடித்திருக்கிறாள். இளைப்பு கூடவில்லை. குறைந்ததா என்றால் அதெல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று செல்வி முறைத்தாள், அவள் அப்படித்தான். ஆனால் இந்தக் கத்திரியில் பிள்ளை மத்தியானம் அந்த அறைக்குள்ளேயே தூங்குகிறாள், அது போன வருஷம் நடக்காத காரியம். இதெல்லாம் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன்:

"உங்க மயன்ட்டச் சொல்லிருங்கக்கா. ஓகே. ஆனா ஒரு கமெண்ட் இருக்கு. ஒரே ஒரு உறைய வச்சுக்கிட்டு நான் எப்பத் துவைக்கிறது, எப்பக் காயப்போடுறது? மாத்துத்துணி இல்லாம யாராச்சும் இருப்பாங்களா? அந்த ஊர்லயாவது ரெண்டு ரெண்டாத் தச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

அந்த ஊரில் என்றாள், பார்த்தாயா? அவள் உன்னை அனுப்பியே வைத்துவிட்டாள். நான் பூனைக்குட்டியைக் கீழே விட்டுவிட்டு அழுதேன், கொஞ்ச நேரம்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோல் பிரித்தேன். இந்தத் தடவை விற்காமல் கிடந்ததை எடுக்கவில்லை, நல்ல நீலத்தில் புள்ளி போட்ட ரோலையே மாற்று உறைக்கு வெட்டினேன். செக்கிங்கில் இருந்தவள் அல்லவா, தைத்த கையோடு துவைத்தும் பார்த்துவிட்டேன். சுருங்கவில்லை, சாயம் போகவில்லை. போன வாரம் நீ கொட்டிவிட்டுப் போன துணிகளையும் சேர்த்தே துவைத்தேன். இப்போது நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கொடி தெரிகிறது. உன் சட்டைகளும் முத்துவின் கூரைச் சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கின்றன. அவளுடையதைச் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். உன்னுடையதை மடித்து வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டு வா, சாமி.

அம்மா